இரண்டாவது கயிறு இல்லாத உயரம்

கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பதும் சுவரின் விரிசல்களைப் பூசுவதும் அவருடைய வேலை. ஆறு வருட அனுபவம். கயிற்றில் தொங்கி வேலை செய்வோருக்கான ஐராட்டா சான்றிதழில் இரண்டாம் நிலை முடித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் தாய்லாந்தில் விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொண்டு, இதுவரை 64 முறை குதித்திருக்கிறார். இப்போது ஆசை பேஸ் ஜம்பிங் பக்கம் திரும்பியிருக்கிறது. கட்டடம் (Building), ஆண்டெனா கோபுரம் (Antenna), பாலம் (Span), மலை முகடு (Earth) ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து வந்த பெயர் அது. விமானம் கிடையாது, நிலையாக நிற்கும் ஒன்றின் விளிம்பிலிருந்து பாராசூட்டோடு குதிப்பது.

நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய பேஸ் ரிக்கை, அதாவது பாராசூட்டும் அதை முதுகில் சுமக்கும் பையும் பட்டைகளும் சேர்ந்த தொகுப்பை, 5,000 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செராஸ் பக்கம் கட்டி முடியும் நிலையில் உள்ள 38 மாடிக் கொண்டோவில்தான் நம் வாசகருக்கு இப்போது வேலை. மொட்டை மாடிக்குப் போகும் கார்டு கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கீழே இரண்டு நண்பர்களை நிறுத்திவிட்டு, அங்கிருந்து முதல் குதிப்பு என்பது திட்டம். உயரம் 125 மீட்டர் என்று அவரே அளந்திருக்கிறார். "1999இல் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் யாரிடமும் அனுமதி கேட்காமல்தானே பெட்ரோனாஸ் கோபுரத்திலிருந்து குதித்தார்? உலகமே பாராட்டவில்லையா?" என்று கேட்கிறார். ரிக்கை வாங்கலாமா, 64 குதிப்பு போதுமா, பிடிபட்டால் என்ன ஆகும், அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்பவை மற்ற கேள்விகள். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறார். கடைசி வரி இது: "டாக்டர், எனக்கு உயரத்தில் பயமே வருவதில்லை. அதுவே ஒரு தகுதி இல்லையா?"

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கொண்டோவிலிருந்து குதிக்காதீர்கள். அந்த ரிக்கை வாங்காதீர்கள். பேஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதற்குப் போகும் வழி ஒன்று இருக்கிறது, அது நீளமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எலும்பு முறிவு மருத்துவர். நாற்பது வயதுவரை விமானத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தேன், 400 முறைக்கு மேல். பேஸ் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. குதிப்பவர்களோடு பழகியிருக்கிறேன், சிலருக்கு அறுவை சிகிச்சையும் செய்திருக்கிறேன். ஆகவே இங்கே நான் எழுதுவதைக் குதிக்கக் கற்றுத்தரும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

பயம் ஏன் வருவதில்லை?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

நீங்கள் மாடி விளிம்பைத் தாண்டிக் காலைத் தொங்கப்போடும்போது உங்கள் இடுப்பில் இரண்டு கயிறுகள் இருக்கின்றன. ஒன்றில் இறங்குகிறீர்கள். மற்றொன்று சும்மா உங்களோடு வந்துகொண்டிருக்கும். இரண்டும் தனித்தனியாகக் கட்டப்பட்டவை. முதல் கயிறு அறுந்தாலும், இறங்கு கருவி நழுவினாலும், இரண்டாவதில் இருக்கும் பிடிப்பான் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேலே, நீங்கள் மயங்கிவிட்டால் எப்படிக் கீழே இறக்குவது என்ற மீட்புத் திட்டத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் உங்கள் மேற்பார்வையாளர் வேலையைத் தொடங்க விடுகிறார். ஆறு வருடம் தினமும் இப்படி வேலை செய்த ஒருவருக்குப் பயம் வராமல் போவது இயல்புதான். ஆனால் அந்த அமைதியில் பெரும் பங்கு இரண்டாவது கயிற்றினுடையது. நீங்கள் அதை உங்களுடைய குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விமானத்திலிருந்து குதிக்கும்போதும் அப்படித்தான். முதுகில் இரண்டு பாராசூட். பிரதான குடை சிக்கினால் அதைக் கழற்றிவிட்டு ரிசர்வ் எனும் மாற்றுக் குடையை இழுக்கலாம். நீங்களே மயங்கிவிட்டால்கூட, ஏறக்குறைய 225 மீட்டர் உயரத்தில் தானியங்கிக் கருவி ரிசர்வைத் திறந்துவிடும்.

பேஸ் ரிக்கில் ஒரே ஒரு பாராசூட்தான். ரிசர்வ் கிடையாது, தானியங்கிக் கருவி கிடையாது. யாரோ மறந்துபோய் வைக்காமல் விட்டதில்லை இது. வைத்தாலும் பயன்படுத்த நேரம் கிடைக்காது. "பாகங்கள் குறைவு, அதனால் பேஸ்தான் பாதுகாப்பு" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு வேலையிடத்தில் ஒருவர் வந்து, "ஒரு கயிறு போதும், சிக்கல் குறைவு" என்று சொன்னால் அவரை என்ன செய்வீர்கள்?

இன்னொன்றும் யோசியுங்கள். ஐராட்டாவில் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போக உங்களை ஒரு வருடமும் 1,000 மணி நேரமும் கயிற்றில் காத்திருக்க வைத்தார்கள். ஒவ்வொரு மணி நேரத்தையும் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினீர்கள். இங்கே உங்களைக் காத்திருக்கச் சொல்ல யாருமில்லை.

125 மீட்டரில் எத்தனை வினாடி

என் 93ஆவது குதிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுமார் 1,000 மீட்டரில் பாராசூட்டைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தால் குடையின் ஒரு பக்கம் மடங்கி, அதன்மேல் ஒரு கயிறு குறுக்கே விழுந்து கிடக்கிறது. சுழல ஆரம்பித்தது. கீழே தெரிந்த வயல் தட்டாமாலை சுற்றியது. குடையைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் உதவும் பிரேக் கயிறுகளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், சரியாகவில்லை. வலது கையால் கழற்றும் பிடியைத் தேடினேன். பயிற்சியில் நூறு முறை தொட்ட பிடி, அன்றைக்குத் தொட்டபோது யாருடைய கையோ தொடுவது போலிருந்தது. கழற்றினேன், ரிசர்வை இழுத்தேன். அது விரிந்ததும் கைக்கடிகாரம் போல் கட்டியிருந்த உயரமானியைப் பார்த்தேன். 700க்குக் கொஞ்சம் கீழே காட்டியது.

அதாவது ஒன்றும் பெரிதாகத் தவறு செய்யாமலே, சொல்லிக்கொடுத்தபடி நடந்தே, 300 மீட்டரைச் செலவழித்துவிட்டேன். உங்கள் கட்டடம் 125.

கணக்கைப் பார்ப்போம். விளிம்பை விட்டதும் முதல் வினாடியில் 5 மீட்டர் விழுவீர்கள். இரண்டாவது வினாடி முடியும்போது 20 மீட்டர், வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். மூன்றாவது வினாடி முடிவில் 44 மீட்டர், வேகம் நூறை நெருங்கிவிடும். எதுவுமே செய்யாமல் விட்டால் ஐந்து வினாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான் மொத்த நேரம். இரண்டாவது வினாடியில் பைலட் சூட் என்ற சிறு குடையை எறிந்தால், அது காற்றைப் பிடித்து, பெரிய குடையை வெளியே இழுத்து, குடை விரிந்து உங்களைத் தாங்கும்போது பாதி உயரத்தை ஒட்டிய அளவுதான் மிஞ்சியிருக்கும்.

சரி, விரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் கடிதத்தில் யோசிக்காமல் விட்ட விஷயம் இங்கேதான் இருக்கிறது. குடை எந்தப் பக்கம் பார்த்து விரிகிறது?

விமானத்திலிருந்து குதிக்கும்போது அது எந்தத் திசையில் விரிந்தாலும் கவலையில்லை, சுற்றிலும் வெட்டவெளி. கட்டடத்திலிருந்து குதிக்கும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் 38 மாடிச் சுவர் நிற்கிறது. நன்றாக உந்திக் குதித்திருந்தாலும் குடை விரியும் நேரத்தில் சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர்தான் விலகியிருப்பீர்கள். குதிக்கும்போது தோள் ஒரு பக்கம் சாய்ந்ததாலோ, மடிப்பில் சிறு கோணல் இருந்ததாலோ, காற்று ஒரு உதை கொடுத்ததாலோ குடை திரும்பிச் சுவரைப் பார்த்து விரிந்தால், அது உங்களைச் சுவரை நோக்கித்தான் கொண்டுபோகும். உங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு வினாடி கிடைக்கும். அதற்குள் மேலே பார்த்து, திசையைப் புரிந்துகொண்டு, பின் ரைசரை, அதாவது தோள்பட்டையைக் குடையின் கயிறுகளோடு இணைக்கும் பின்பக்கப் பட்டையை, பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். யோசித்துச் செய்யும் வேலையில்லை இது. கைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 64 குதிப்பில் நீங்கள் பின் ரைசரால் எத்தனை முறை திருப்பியிருக்கிறீர்கள்? பத்து முறை இருக்குமா?

பேஸில் நடக்கும் மோசமான விபத்துகளில் கணிசமானவை இப்படித்தான் நடக்கின்றன. பாராசூட் திறந்திருக்கும், திசை தவறியிருக்கும். "திறக்காமல் போனால்தானே ஆபத்து" என்ற நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் இலைகூட அசையாத காலையில் 30ஆவது மாடியின் மூலையில் கயிறு எப்படி ஆடும் என்று என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அந்த மூலைக் காற்றும், கட்டடத்துக்குப் பின்புறம் கீழ்நோக்கிச் சுருளும் காற்றும்தான் குடையை மடக்குபவை. கயிற்று வேலையை நிறுத்தும் காற்றளவைவிட மிகக் குறைந்த காற்றிலேயே பொறுப்பான ஒரு பேஸ் குதிப்பாளர் படியிறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்.

நோர்வேயில் ஷெராக் என்ற மலை முகட்டில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 9 பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய 2,300 குதிப்புக்கு ஓர் உயிர். காயத்தோடு முடிந்தவை 82, அதாவது 254 குதிப்புக்கு ஒன்று. அந்த முகடு சுமார் 1,000 மீட்டர் உயரம். அங்கே குதிப்பவருக்கு உங்கள் கட்டடத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு நேரம் கிடைக்கிறது. "மோட்டார் சைக்கிளில் போவதைவிட இது மேல்" என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் தினமும் செந்தூலிலிருந்து செராஸுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறீர்கள். 2,300 பயணத்துக்கு ஒரு சாவு என்றால் உங்கள் வேலையிடத்தில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த 5,000 ரிங்கிட் ரிக்

நல்ல வேளையாக உங்களிடம் இருக்கும் விமானக் குதிப்பு ரிக்கையே பயன்படுத்த நீங்கள் நினைக்கவில்லை. அந்தக் குடை மெதுவாக, உடம்புக்கு அதிர்ச்சி தராமல் விரியும்படி செய்யப்பட்டது. விரிந்து முடிவதற்கே உங்கள் கட்டடத்தின் மொத்த உயரத்தைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும்.

பேஸ் குடை வேறு மாதிரி. ஏழு அறைகள் கொண்டது, அகலமானது, கனமானவரையும் மெதுவாக இறக்கக்கூடிய அளவு பெரியது. அதன் பைலட் சூட்டும் பெரிது. அதிக நேரம் விழுந்து வேகம் பிடித்த பிறகு திறப்பதற்கு 32 முதல் 36 அங்குலம் போதும். உங்கள் கட்டடம் போன்ற தாழ்வான இடத்தில், வேகம் குறைவாக இருக்கும்போது, 42 முதல் 48 அங்குலம் வரை வேண்டும். ஸ்லைடரும் அப்படித்தான். குடை ஒரேயடியாக விரியாமல் தடுக்கும் அந்தச் சதுரத் துணியைத் தாழ்வான குதிப்பில் கழற்றிவிடுவார்கள், அல்லது கீழேயே கட்டிவைப்பார்கள். அப்படிச் செய்யும்போது பிரேக் கயிற்றை வளையத்துக்கு வெளியே விட வேண்டும், எனக்கு நேர்ந்தது போல் கயிறு குடைக்கு மேலே விழுந்தால் அதை முழுவதுமாக உருவி விடுவதற்காக. ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு கட்டு, ஒரு மடிப்பு. தவறான மடிப்போடு சரியான ரிக் இருந்து பயனில்லை.

உங்கள் நண்பர் தருவதாகச் சொல்வதில் எந்த அளவு பைலட் சூட் இருக்கிறது? உங்களுக்குத் தெரியவில்லை, கடிதத்தில் நிறத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவர் எடை உங்களைவிடப் பதினைந்து கிலோ குறைவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தக் குடை உங்களுக்குச் சிறிது. வேகமாக இறங்கும், தரையில் பலமாக அடிக்கும். எத்தனை முறை பயன்பட்டது, கயிறுகள் எப்போது மாற்றப்பட்டன, கடல் நீரில் நனைந்ததா, வெயிலில் கிடந்ததா என்பதற்கு எழுத்தில் பதிவு எதுவும் இல்லை. ஆய்வுத் தேதி ஒட்டாத இடுப்புப் பட்டையை நீங்கள் வேலையிடத்தில் போட்டுக்கொள்வீர்களா? அதே கண்ணோடு இதையும் பாருங்கள். கருவி வாங்கும் நாள் வரும்போது உங்கள் ஆசிரியரோடு சேர்ந்து, உங்கள் எடைக்கேற்ப வாங்குங்கள்.

என் மேசைக்கு வருவது

சாவைப் பற்றிப் பேசினால் இளைஞர்கள் தோளைக் குலுக்கிவிடுகிறார்கள். அதனால் குதிகாலைப் பற்றிப் பேசுகிறேன்.

வேகமாகத் தரையிறங்கும் உடம்பின் எடை முதலில் குதிகால் எலும்பில் விழுகிறது. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே பஞ்சு போன்ற எலும்பு. அது இரண்டாகப் பிளப்பதில்லை, முட்டை நசுங்குவது போல நசுங்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் மேடாக இருக்க வேண்டிய இடம் தட்டையாகக் கிடக்கும். தகடு, திருகு வைத்து நிமிர்த்திக் கட்டுவோம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் அந்தக் காலை ஊன்றவே கூடாது. அதற்குப் பிறகும் பலருக்குக் கரடுமுரடான தரையில் நடந்தால் வலிக்கும். சாரத்திலிருந்து விழுந்த ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு இரண்டு குதிகாலும் போயிருந்தன. ஒன்றரை வருடம் கழித்து என்னைப் பார்க்க வந்தார். நடக்கிறார், சிரிக்கிறார். ஏணியில் ஏற முடியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. கயிற்றில் தொங்கி, சுவரில் கால் உதைத்து நகரும் உங்கள் வேலைக்குக் குதிகால்தான் முதல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எல்லா வாசகர்களுக்குமானது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். கால் வலியில் அது தெரியாது. போலீசுக்குப் பயந்து, "படியில் வழுக்கி விழுந்தேன்" என்று அவசரப் பிரிவில் பொய் சொன்னால், மருத்துவர் காலை மட்டும் பார்ப்பார். எதிலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது, எந்தச் சூழ்நிலையிலும்.

சட்டம், வேலை, காப்புறுதி

இதை ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். வேலைக்காகக் கொடுத்த கார்டு வேலைக்கு மட்டும்தான் அனுமதி. ஞாயிறு விடியற்காலையில் வேறு காரியத்துக்கு நுழைந்தால் அத்துமீறல் என்று குற்றவியல் சட்டத்தின் 447, 448 பிரிவுகளைக் காட்ட இடமிருக்கிறது. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாக்கும் கண்மூடித்தனமான செயலுக்கு 336ஆவது பிரிவு இருக்கிறது. "என் உயிர்தானே, யாருக்கு என்ன நஷ்டம்" என்ற வாதம் அங்கே எடுபடாது. கீழே நிற்கும் இரண்டு நண்பர்கள், காவலாளி, சாலையில் போகிறவர் எல்லோரும் கணக்கில் வருவார்கள். குடை 20ஆவது மாடிக் கம்பியில் மாட்டி நீங்கள் தொங்கினால், உங்களை இறக்க வரும் தீயணைப்பு வீரரும்தான். பட்டையில் அசையாமல் தொங்கும் உடம்புக்கு எவ்வளவு சீக்கிரம் என்ன ஆகும் என்று மீட்புப் பயிற்சியில் படித்திருப்பீர்கள்.

தண்டனையைவிட உங்களை அதிகம் பாதிக்கப்போவது வேலை என்று நினைக்கிறேன். உயரத்தில் வேலை செய்பவரின் மூலதனமே நம்பிக்கைதான். கார்டைத் தவறாகப் பயன்படுத்தியவர் என்ற பேச்சு இந்த ஊரில் ஒரு நிறுவனத்தோடு நிற்காது. காப்புறுதியைப் பொறுத்தவரை, இதை வேலை விபத்து என்று தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிடம் காட்ட முடியாது. தனியார் பாலிசி வைத்திருந்தால் விலக்குகள் என்ற பகுதியை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். இந்த மாதிரிக் குதிப்புகளைப் பெரும்பாலும் விலக்கித்தான் வைத்திருப்பார்கள்.

பாம்கார்ட்னர் விஷயம். அவர் ஆஸ்திரிய ராணுவத்தில் பாராசூட் பயின்றவர். பெட்ரோனாஸ் கோபுரத்துக்கு வருவதற்கு முன்பே நிறையக் குதித்தவர். அந்தக் கோபுரம் 452 மீட்டர். நீங்கள் பார்த்தது அந்த ஒரு நிமிடப் படத்தை மட்டும்.

அப்பா, அம்மா

ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் எட்டு மாதம். அதே எட்டு மாதத்தில்தான் இந்த ஆசை அவசரமாகியிருக்கிறது. "விளிம்பில் நிற்கும்போது மட்டும்தான் தலை அமைதியாக இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. துக்கம் இப்படியும் வரும். ஆனால் மனம் கனத்துக் கிடக்கும் காலத்தில், திரும்பி இறங்கிப் போகும் முடிவை எடுப்பது கடினம். பேஸில் உயிரைக் காப்பது பெரும்பாலும் அந்த ஒரு முடிவுதான்.

ஒன்றை நேரடியாகவே கேட்கிறேன். "விழுந்தாலும் பரவாயில்லை" என்ற நினைப்பு எப்போதாவது வருகிறதா? வந்தால் விமானக் குதிப்பையும் சில காலம் நிறுத்துங்கள், கயிற்று வேலையிலும் விடுப்பு கேளுங்கள், யாரிடமாவது பேசுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம். எனக்கு எழுதினாலும் சரி. வராவிட்டால் நல்லது, என்றாலும் கேள்வியை மனத்தில் வைத்திருங்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். கொண்டோ திட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை, அது நடக்கப்போவதில்லை. இரண்டு வருடமாக விமானத்திலிருந்து குதிப்பதைச் சொல்லுங்கள். தங்கைக்கு மட்டும் தெரியும் என்கிறீர்கள். ஏதாவது நடந்தால் அம்மாவுக்கு முதலில் விஷயத்தைச் சொல்ல வேண்டியவள் அவள்தான். அந்தச் சுமையை 22 வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள்.

சரி, எப்படித்தான் போவது?

பேஸ் கற்றுத்தருபவர்களில் பொறுப்பானவர்கள் விமானக் குதிப்பில் 150 முதல் 200 வரை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். எண்ணிக்கையைவிட அந்தக் குதிப்புகளில் என்ன செய்தீர்கள் என்பது முக்கியம். இனி வரும் குதிப்புகளை விழுவதற்காகச் செலவிடாதீர்கள், குடைக்குக் கீழே இருக்கும் நேரத்துக்காகச் செலவிடுங்கள். பெரிய ஏழு அறைக் குடையை வாடகைக்கு எடுங்கள். நல்ல உயரத்தில் இருக்கும்போதே பின் ரைசரால் திருப்பிப் பழகுங்கள், பிரேக்கைப் பாதி இழுத்து மெதுவாகப் பறந்து பாருங்கள், குடை எந்தப் புள்ளியில் பறக்க மறுத்துச் சரிகிறது என்பதைக் கையால் உணருங்கள். குறித்த இடத்தில் இறங்குவதை விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மடிப்பதை ஓர் ஆசிரியரின் கண்முன்னே கற்றுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு முதல் குதிப்பு ஒரு பாலத்திலிருந்து, பயிற்சி வகுப்பில், கீழே தண்ணீர் உள்ள இடத்தில். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் ஊரில் உள்ள பெர்ரின் பாலம் இதற்குப் பேர்போனது. கீழே ஸ்நேக் ஆறு. உயரம் 148 மீட்டர். வருடம் முழுவதும் தனி அனுமதியின்றிச் சட்டப்படி குதிக்கலாம். உங்கள் கட்டடத்தைவிட அதிகம் உயரமில்லையே என்பீர்கள். வித்தியாசம் இதுதான்: பாலத்துக்குக் கீழே வெட்டவெளி. குடை திசை மாறி விரிந்தாலும் பாலத்துக்கு அடியில் பறந்துபோய்விடலாம், மோதச் சுவர் இல்லை. அங்கேயும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அதையும் மறைக்கவில்லை. பாலத்துக்குப் பிறகு உயரமான மலை முகடுகள். கட்டடம் கடைசியில்தான்.

நம்மூர்க் கனவு ஒன்றையும் எழுதியிருந்தீர்கள், கேஎல் டவர். புக்கிட் நானாஸில் 421 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்தக் கோபுரத்தில், ஏறக்குறைய 300 மீட்டர் உயரத் தளத்திலிருந்து, பல வருடங்களாக அனுமதியோடு அனைத்துலகக் குதிப்பு நிகழ்ச்சி நடந்து வந்திருக்கிறது. அதில் சேர அனுபவத்தைக் காட்ட வேண்டும். அந்த 300 மீட்டர் உங்களுக்கு வினாடிகளைத் தரும், காற்று சரியில்லை என்றால் நிறுத்தச் சொல்ல ஆள் இருப்பார், கீழே மருத்துவக் குழு இருக்கும். நீங்கள் நினைப்பதைவிட அது உங்களுக்கு எட்டக்கூடியதுதான். மூன்று, நான்கு வருடம் ஆகும்.

அதுவரைக்கும் ஒரு வேலை தருகிறேன். அடுத்த 20 குதிப்புக்கு முன், ஒவ்வொரு முறையும் தரையில் ஓர் ஆரஞ்சுத் துணியை விரித்து வையுங்கள். இறங்கிய இடத்திலிருந்து அதுவரை எத்தனை மீட்டர் என்று நாடா வைத்து அளந்து, அன்றைய காற்றோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். காற்று பிடிக்காமல் விமானத்தில் ஏறாமலே திரும்பிய நாட்களையும் எழுதுங்கள், அவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி. நோட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். முதலில் அந்தத் தனிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன்.